டாஸ்மேனியாவில் இரண்டு மூன்று நாள் கார்ப் பயணம்: புதிதாக வந்தவர்களுக்கு

டாஸ்மேனியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கியவர்களும் சரி, மெல்போர்ன், சிட்னிப் பக்கமிருந்து நாலு நாள் லீவில் எட்டிப் பார்க்க வருகிறவர்களும் சரி, முதலில் செய்வது ஒன்றுதான். போனில் வரைபடத்தைத் திறப்பார்கள், ஹோபார்ட்டிலிருந்து லான்செஸ்டனுக்கு 200 கிலோமீட்டர்தான் என்று பார்ப்பார்கள், "சின்னத் தீவுதானே, அப்படியே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சின்னத் தீவெல்லாம் இல்லை. சுற்றியுள்ள குட்டித் தீவுகளையும் சேர்த்துப் பரப்பளவு சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், கிட்டத்தட்ட இலங்கை அளவு. பக்கத்தில் ஆஸ்திரேலியப் பெருநிலம் இருப்பதால் சிறிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். போதாததற்கு மலை, காடு, வளைவு. தென்மேற்கு மூலையில் பெரும்பகுதிக்குச் சாலையே கிடையாது. தீவை முழுதாகச் சுற்ற ஒரு வாரமாவது வேண்டும், பத்து நாள் இருந்தால் ஆற அமரப் பார்க்கலாம். இரண்டு மூன்று நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரே ஒரு திசையைத் தேர்ந்தெடுத்து அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பொழுது சாய்வதற்குள் தங்குமிடத்துக்குப் போய்ச் சேருங்கள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக அமைந்துவிடும்.

முதலில் நாளையும் பொழுதையும் கணக்குப் போடுங்கள்

டிசம்பர் கடைசியில் ஹோபார்ட்டில் இரவு எட்டே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். ஜூனில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும், காலையிலும் ஏழரை தாண்டித்தான் எட்டிப் பார்க்கும். அதாவது கோடையில் ஒரே நாளில் முடிகிற பயணத்துக்குக் குளிர்காலத்தில் இரண்டு நாள் தேவைப்படலாம். நண்பர் ஜனவரியில் போய் வந்த திட்டத்தை அப்படியே வாங்கி ஜூலையில் போகிறவர்கள் படும் பாடு இதனால்தான்.

என்னைக் கேட்டால் நவம்பர், மார்ச், ஏப்ரல் மூன்றும்தான் நல்ல மாதங்கள். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் சிட்னியில் புறப்படும் பாய்மரப் படகுப் போட்டி ஹோபார்ட்டில் வந்து முடியும், அந்த வாரத்தில் அறை வாடகையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஜூனில் டார்க் மோஃபோ என்ற குளிர்காலக் கலை விழா நாட்களிலும் ஹோபார்ட் நிரம்பிவிடும். மற்றபடி குளிர்காலம் மலிவு, கூட்டம் இல்லை, மலையில் பனி. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடு வரை க்ரேடில் மவுண்டனிலும் மவுண்ட் ஃபீல்டிலும் ஃபாகஸ் என்ற குட்டை மரம் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறும், அதைப் பார்ப்பதற்கென்றே உள்ளூர்க்காரர்கள் கிளம்பிப் போவார்கள்.

இங்கேயே இருப்பவர்களுக்கு ஒரு சூட்சுமம். டாஸ்மேனியாவில் சில பொது விடுமுறைகள் பாதித் தீவுக்குத்தான். பிப்ரவரி இரண்டாம் திங்கள் வரும் ஹோபார்ட் ரெகாட்டா விடுமுறை தெற்கத்திக்காரர்களுக்கு, நவம்பர் முதல் திங்கள் வரும் ரெக்ரியேஷன் டே வடக்கத்திக்காரர்களுக்கு. உங்களுக்கு லீவாக இருந்து எதிர்ப் பக்கத்துக்கு இல்லாத அந்த வாரக்கடைசியில் அந்தப் பக்கமாகப் போங்கள். ஹோபார்ட்டில் இருந்தால் பிப்ரவரியில் வடக்கே. ஈஸ்டருக்கும் ஆஸ்திரேலியா தினத்துக்கும் இந்த யுக்தி செல்லாது, மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்வதுதான் வழி.

அப்புறம் வண்டி

இங்கே பயணிகள் ரயில் கிடையாது, ஓடுவதெல்லாம் சுற்றுலா ரயில்கள்தான். ஊருக்கு ஊர் பஸ் உண்டு, ஆனால் நீங்கள் பார்க்க நினைக்கிற கடற்கரைக்கும் அருவிக்கும் அது போகாது. ஓட்டத் தெரியாதவர்கள் ஹோபார்ட்டிலிருந்து கிளம்பும் ஒரு நாள் சுற்றுலா வண்டிகளில் போகலாம், போர்ட் ஆர்தர், புரூனி, மவுண்ட் ஃபீல்டு எல்லாவற்றுக்கும் இருக்கிறது.

ஓட்டத் தெரிந்தவர்களுக்கு நல்ல செய்தி, நம் ஊர் மாதிரியே இடதுபுறம்தான். சுங்கச்சாவடி ஒன்றுகூடக் கிடையாது. சுற்றுலா வருகிறவர்கள் இந்திய லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் அதை வைத்தே ஓட்டலாம், இருந்தாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருந்தால் வாடகைக் கார்க் கவுன்டரில் பேச்சு சுருக்கமாக முடியும். 7 வயது வரை குழந்தைகளுக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், அதைக் கார் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டு விதிமுறைகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தேட வேண்டியவை: மண் ரோட்டில் போனால் காப்பீடு உண்டா, பனியில் ஓட்டினால் உண்டா, இரவில் ஊருக்கு வெளியே விலங்கு மோதினால் யார் பணம் கட்டுவது, டயரும் கண்ணாடியும் சேர்த்தியா. இதில் மூன்றாவதுதான் டாஸ்மேனியாவில் நிஜமாகவே நடக்கிற விஷயம். விபத்தானால் நம் பங்காகக் கட்ட வேண்டிய எக்ஸஸ் தொகை சில ஆயிரம் டாலர்கூட இருக்கும், அதைக் குறைக்க நாளொன்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். நகரத்துக்குள் மட்டும் சுற்றுகிறவர்கள் யோசிக்கலாம், மற்றவர்கள் கட்டிவிடுவது நல்லது.

சொந்தக் காரோடு வர நினைத்தால் ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா கப்பல் இருக்கிறது. முன்பு மெல்போர்னிலிருந்து புறப்பட்டது, 2022 அக்டோபரிலிருந்து ஜீலாங்கிலிருந்துதான். இரவு ஏறினால் காலையில் வடகரையில் டெவன்போர்ட். பாஸ் நீரிணை எப்போதும் சாதுவாக இருக்காது, குமட்டல் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். டெவன்போர்ட்டில் இறங்குகிறவர்களுக்கு க்ரேடில் மவுண்டன் ஒன்றரை மணி நேரம்தான். கப்பலில் வந்துவிட்டு முதல் வேலையாக ஹோபார்ட்டுக்கு ஓடாதீர்கள்.

பாஸ், முன்பதிவு, கறிவேப்பிலை

தேசியப் பூங்காக்களுக்குள் நுழைய பார்க்ஸ் பாஸ் வேண்டும். ஒரு நாள் பாஸ், இரண்டு மாதம் வரை செல்லும் ஹாலிடே பாஸ், வருடப் பாஸ் என்று இருக்கிறது. ஹாலிடே பாஸை வண்டிக்கு எடுத்தால் எட்டுப் பேர் வரை அதிலேயே அடக்கம். இரண்டு மூன்று பூங்காக்கள் போவதாக இருந்தால் அதுதான் லாபம், இங்கேயே குடியிருப்பவர்கள் யோசிக்காமல் வருடப் பாஸ் எடுக்கலாம். க்ரேடில் மவுண்டனுக்கு மட்டும் ஒரு நாள் பாஸ் தனி. போர்ட் ஆர்தர் தேசியப் பூங்காவில் சேராது, அதற்குத் தனிச் சீட்டு. ஹோபார்ட்டுக்கு மேலே நிற்கும் குனானி என்கிற மவுண்ட் வெலிங்டனுக்கு எதுவும் கட்ட வேண்டாம்.

அறை, கார், மரியா தீவுப் படகு இவற்றை முன்னதாகவே பதிவு செய்யுங்கள். சாப்பாட்டு இடத்தையெல்லாம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதில் நம் ஆட்கள் அடிக்கடி மாட்டுவார்கள். மெல்போர்னிலிருந்து உள்நாட்டு விமானத்தில் வந்தாலும்கூட டாஸ்மேனியாவுக்குள் பழம், காய்கறி, செடி, விதை கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் மோப்ப நாய் உங்கள் பையைத் தேடி வரும். அக்கா வீட்டுத் தோட்டத்துக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், குழந்தைக்கு என்று எடுத்த வாழைப்பழம், எல்லாம் இறங்கியதும் அங்கிருக்கும் தொட்டியில்தான் போக வேண்டும். ஆப்பிளும் திராட்சையும் செர்ரியும் விளைகிற தீவு, பூச்சி வந்துவிட்டால் அவர்கள் பிழைப்பு போய்விடும், அதனால் கெஞ்சிப் பயன் இல்லை. பொடி, ஊறுகாய், சமைத்த சாப்பாடு என்று கொண்டுவருகிறவர்கள் டாஸ்மேனிய உயிரிப் பாதுகாப்பு இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்துவையுங்கள்.

மூட்டையும் கட்டுச்சோறும்

ஜனவரியிலும் ஒரு தடித்த ஜாக்கெட், மழைக்கோட்டு. இது பயமுறுத்தல் இல்லை, நடுக்கோடையில் மலை மேல் பனித்தூவல் விழுந்த நாட்கள் உண்டு. குனானியின் உச்சி 1,271 மீட்டர், கீழே துறைமுகத்தில் சட்டையோடு நின்றுவிட்டு மேலே போனால் காற்று நிற்க விடாது. அதே சமயம் வெயில் அடித்தால் தோல் சீக்கிரம் கருகும், குளிராகத்தானே இருக்கிறது என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள்.

போன் சிக்னல் விஷயத்தில், நகரத்துக்கு வெளியே டெல்ஸ்ட்ரா வலையமைப்புத்தான் ஓரளவு தூரம் வரும். அதுவும் மேற்குப் பக்கம் போனால் மணிக்கணக்கில் இருக்காது. கிளம்பும் முன்பே தீவு முழுவதற்கும் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தங்குமிடத்தின் முகவரியையும் கதவு எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள்.

சாப்பாடு. ஹோபார்ட், லான்செஸ்டன் இரண்டிலும் இந்திய மளிகைக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. அவற்றைத் தாண்டினால் பேக்கரி, மீன் வறுவல் கடை, பப், அவ்வளவுதான், சின்ன ஊர்களில் சமையலறையை இரவு எட்டு மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் சீஸ் சாண்ட்விச்சும் இரண்டாம் நாளே அலுத்துவிடும். அதனால் கேரவன் பார்க் கேபின்களைத் தேடுங்கள், ஹோட்டலைவிட மலிவு, சமையலறை இருக்கும், நாலு பேருக்குத் தாராளமாகப் போதும். சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி இருந்தால் மூன்று நாள் ஓடிவிடும். தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். கடுகும் மிளகாயும் கிளப்பும் புகைக்கு அலாரம் அலறும், சில இடங்களில் அது நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும், வண்டி வந்தால் அதற்கான தொகையை உங்கள் தலையில் கட்டுவார்கள். பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் இலவச மின் அடுப்புகள் இருக்கும், தோசைக்கல் மாதிரி அகலமாக, தோசை வார்க்கிறவர்களும் உண்டு.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஸ்காலப் என்ற கடல் சிப்பியை மாவுக்குள் வைத்துச் சுடும் ஸ்காலப் பை என்ற பண்டத்தை விடக் கூடாது. உள்ளே இருக்கும் மஞ்சள் குழம்பு கறிப்பொடி போட்டது. ஆஸ்திரேலியா முழுக்க விற்கும் கீன்ஸ் கறிப்பொடியே டாஸ்மேனியாவில் பிறந்த சரக்குதான். ஹோபார்ட்டில் மலையடிவாரத்தில் வெள்ளைக் கற்களால் பெரிதாக எழுதிய அதன் விளம்பரம் 1905 முதல் அங்கே இருக்கிறது. நம் நாக்குக்கு அது கறியா என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் போய்வர

ஹோபார்ட்டைத் தளமாக வைத்துக்கொண்டால் ஒரு நாளில் போய்வர நாலைந்து திசை இருக்கிறது.

போர்ட் ஆர்தர், 95 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஏ9 சாலை. 1830 முதல் 1877 வரை கைதிகளை அடைத்து வைத்த இடம், 2010 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். காலை பத்துக்குள் போய்விடுங்கள், அரை நாள் போதாது. போகிற வழியில் ஈகிள்ஹாக் நெக் என்ற ஒடுங்கிய நிலப்பகுதி வரும், தப்பி ஓடும் கைதிகளைப் பிடிக்க அங்கே வரிசையாக நாய்களைக் கட்டி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே கடலோரப் பாறை செதுக்கிப் பாவிய தளம் போல் சதுரம் சதுரமாக வெடித்திருக்கும், டாஸ்மன் வளைவு என்ற, கடல் குடைந்த பாறை வளைவும் அங்கேதான். இன்னொன்றும் தெரிந்து போவது மரியாதை. 1996 ஏப்ரல் 28 அன்று இதே இடத்தில் ஒருவன் சுட்டு 35 பேர் இறந்தார்கள், ஆஸ்திரேலியாவின் துப்பாக்கிச் சட்டங்கள் மாறியது அதற்குப் பிறகுதான். நினைவுத் தோட்டம் இருக்கிறது, அமைதியாகப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் அதைப் பற்றி விசாரிக்காதீர்கள்.

புரூனி தீவு. ஹோபார்ட்டிலிருந்து கெட்டரிங் 35 நிமிடம், அங்கிருந்து காரோடு ஏறும் ஃபெர்ரி 20 நிமிடம். கோடை வாரக்கடைசியில் வரிசை நீளும், காலை எட்டுக்கு முன்னால் போய் நிற்கிறவர்கள் பிழைத்தார்கள். வடக்கு தெற்கு என்று இரண்டு தீவை ஒரு மணல் கழுத்து இணைக்கிறது, படியேறினால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். அட்வெஞ்சர் பேயில் வெள்ளை நிற வாலபிகள், அதாவது சின்னக் கங்காருகள், உண்டு. தெற்கு முனையில் 1838-இல் விளக்கேற்றிய கலங்கரை விளக்கம் வரை போவதானால் கடைசிக்குச் சற்று மண் ரோடு, வாடகைக் கார்க்காரர்கள் விதியை நினைவில் வையுங்கள். திரும்பும் கடைசி ஃபெர்ரியின் நேரத்தை ஏறும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மரியா தீவு எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது. ட்ரையாபன்னாவிலிருந்து படகு, கார் கிடையாது, கடை கிடையாது, ஒரு பிஸ்கட்கூட வாங்க முடியாது. சாப்பாடும் தண்ணீரும் நீங்களே கொண்டுபோக வேண்டும், குப்பையையும் நீங்களே திருப்பிக் கொண்டுவர வேண்டும். கைதிகள் காலத்துக் கட்டடங்களைச் சுற்றிப் புல்வெளியில் வொம்பாட் என்ற, குட்டைக் கால் குண்டு விலங்குகள் ஆளைச் சட்டை செய்யாமல் மேய்ந்துகொண்டிருக்கும். தொடக் கூடாது, தீனி போடக் கூடாது, செல்ஃபிக்காகத் துரத்தக் கூடாது. வண்ணப் பாறைகளுக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள், ஏற்றத்தில் போனால் பாதி தெரியாது.

மவுண்ட் ஃபீல்டு சின்னக் குழந்தையோ வயதான அம்மா அப்பாவோ கூட இருந்தால் ஏற்றது. ரஸல் அருவிக்கு மெல்ல நடந்தாலே அரை மணி நேரத்தில் போய்வந்துவிடலாம், பாதை சக்கர நாற்காலி போகிற அளவுக்குச் சமமாக இருக்கும். ஹுவான் பள்ளத்தாக்குப் பக்கம் போனால் ரோட்டோரத்தில் ஆளில்லாத ஆப்பிள், செர்ரிக் கடைகள் இருக்கும், பையை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட வேண்டியதுதான், சில்லறை கொண்டுபோங்கள். ரிச்மண்ட் கிராமம் அரை நாளுக்கும் குறைவு. 1823-இல் கைதிகளைக் கொண்டு கட்டத் தொடங்கிய கல்பாலத்தில் இன்றும் வண்டி போகிறது. சனிக்கிழமை என்றால் எங்கேயும் போகாமல் ஹோபார்ட்டின் சலமன்கா சந்தையிலேயே காலையைக் கழித்தாலும் தப்பில்லை.

இரண்டு மூன்று நாள்: கிழக்குக் கடற்கரை

முதல் முறை வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஏ3 சாலையைப் பிடித்து ஆர்ஃபர்ட், ஸ்வான்சி வழியாகக் கோல்ஸ் பே. ஹோபார்ட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் என்று போன் சொல்லும், நின்று நின்று போனால் நாலரை ஆகும், ஆகட்டும். ஃப்ரேசினே பூங்காவில் வைன்கிளாஸ் பே காட்சி முனைக்கு ஏறி இறங்க ஒன்று ஒன்றரை மணி நேரம், படிகள் அதிகம். கீழே கடற்கரை வரை இறங்கித் திரும்ப மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போது இருக்கும் உற்சாகம் ஏறும்போது இருக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் கேப் டூர்வில் கலங்கரை விளக்கத்துக்குப் போகலாம், அது சமதளமான குட்டி நடை. கார் நிறுத்துமிடம் காலை பத்துக்கெல்லாம் நிரம்பும்.

இரவு கோல்ஸ் பேயிலோ பிச்சினோவிலோ தங்குங்கள், பிச்சினோ கொஞ்சம் மலிவு. அங்கே இருட்டியபின் பென்குவின் கரையேறுவதைக் காட்ட வழிகாட்டியோடு கூட்டிப்போகிறார்கள், ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. மறுநாள் வடக்கே செயின்ட் ஹெலன்ஸ், பினலாங் பே. ஆரஞ்சு நிறப் பாறைகள் இருக்கும் பே ஆஃப் ஃபயர்ஸ் இங்கேதான். அந்த நிறம் பாறையினுடையது இல்லை, மேலே பாசி போல் படர்ந்த லைக்கனுடையது. பெயரும் அந்த நிறத்தால் வந்ததில்லை, 1773-இல் கப்பலில் போன கேப்டன் ஃபர்னோ கரையில் பழங்குடிகள் மூட்டிய தீயைப் பார்த்து வைத்தது. கூடாரம் இருப்பவர்களுக்கு இலவச முகாம் இடங்கள் கடலை ஒட்டியே இருக்கின்றன.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், உயிர்காப்பாளர் யாரும் இருக்க மாட்டார், இழுப்பு இருக்கும், குளிர் மூச்சை அடைக்கும். நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலோடு நின்றுகொள்ளுங்கள். பாறை ஓரத்தில் அலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

திரும்பும்போது வந்த வழியே வரலாம், அல்லது செயின்ட் மேரிஸ் வழியாக ஏ4-இல் உள்நாட்டுக்குள் போய் மிட்லண்ட் நெடுஞ்சாலையைப் பிடித்து ராஸ் கிராமத்தில் 1836-ஆம் ஆண்டுப் பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம். செயின்ட் மேரிஸ் பக்கம் எலிபென்ட் பாஸ் என்று ஒரு மலைப்பாதை வரும், பெயர்ப்பலகையைப் பார்த்ததும் யாழ்ப்பாணத்து நண்பர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுவார்கள். அவர்கள் ஊர்ப் பக்கத்து ஆனையிறவுக்கு ஆங்கிலத்தில் இதே பெயர்தான், ஆனால் அது போல் சமவெளியாக இருக்காது, கொண்டை ஊசி வளைவுகள், மெதுவாகப் போங்கள்.

வடக்கும் மேற்கும்

க்ரேடில் மவுண்டனை ஹோபார்ட்டிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது வீண் வேலை. லான்செஸ்டனில் இறங்குங்கள், அங்கிருந்து இரண்டு மணி நேரம்தான். வழியில் ஷெஃபீல்டில் சுவரெல்லாம் ஓவியம், மோல் க்ரீக்கில் சுண்ணாம்புக் குகைகள். க்ரேடில் மவுண்டனில் பூங்காப் பஸ் ஓடும் நேரத்தில் சொந்தக் காரை டவ் ஏரி வரை விட மாட்டார்கள், வரவேற்பு மையத்தில் நிறுத்தி, பாஸைக் காட்டிப் பஸ் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டவ் ஏரியைச் சுற்றி 6 கிலோமீட்டர், இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். மேகம் மூடி மலையே தெரியாத நாட்கள் நிறைய, அதனால் முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள், ஒரு வேளையாவது திரை விலகும். மாலையில் ரானி க்ரீக் நிறுத்தத்தில் இறங்கி நின்றால் வொம்பாட் நிச்சயம் என்றே சொல்லலாம்.

லான்செஸ்டனில் கேடரக்ட் கார்ஜ் ஊர் நடுவிலிருந்து நடந்துபோகும் தூரம். லாவண்டர் வயலில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் மட்டும் நபோலாவுக்குப் போங்கள், மற்ற மாதங்களில் வெறும் பச்சைப் புதர்தான். டேபிள் கேப் டியூலிப்பும் அப்படித்தான், செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஸ்டான்லியில் எரிமலை விட்டுப்போன நட் என்ற பாறைக்குன்று, 143 மீட்டர், கயிற்று நாற்காலியில் ஏறலாம்.

மேற்குக் கரைக்கு மூன்று நாளுக்குக் குறைந்து போக வேண்டாம். ஹோபார்ட்டிலிருந்து ஸ்ட்ராஹன் 300 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் என்று வையுங்கள். லேக் செயின்ட் க்ளேர், பிறகு குயின்ஸ்டவுன். சுரங்கத் தொழிலுக்காக மரத்தை வெட்டி, உருக்காலைப் புகையில் மிச்சமும் கருகி, மொட்டையாகிப்போன மலைகளை அங்கே பார்க்கலாம். ஸ்ட்ராஹனிலிருந்து கார்டன் ஆற்றுப் படகு. அந்த ஆற்றில் அணை வருவதை 1983-இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றத் தீர்ப்புத்தான் நிறுத்தியது, இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஏன் அவ்வளவு சண்டை போட்டார்கள் என்று தெரியும். மழை பெய்தே தீரும் பக்கம், அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

சாலையில்

சாலை எண்களில் ஏ என்றால் பெரிய சாலை, பி அடுத்தது, சி என்றால் தார் போட்டதாகவும் இருக்கலாம், மண்ணாகவும் இருக்கலாம். போன் காட்டும் குறுக்கு வழி சி எண்ணாக இருந்தால் ஒரு தடவை யோசியுங்கள். பலகை எதுவும் இல்லாத இடத்தில் ஊருக்குள் 50, வெளியே தார்ச் சாலையில் 100, மண் சாலையில் 80. 100 என்று போட்டிருப்பதால் வளைவிலும் 100-இல் போக வேண்டும் என்று இல்லை, மஞ்சள் பலகையில் இருக்கும் எண்தான் அந்த வளைவுக்கு உகந்த வேகம். போனைக் கையில் எடுத்தால் கேமரா பிடிக்கும். பின்னால் உள்ளூர்க்காரரோ மர லாரியோ நெருக்கிக்கொண்டு வந்தால் பதற்றப்படாதீர்கள், இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழி விட்டுவிடுங்கள், கையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

பெட்ரோல் பாதியாக இருக்கும்போதே நிரப்புங்கள். டெர்வென்ட் பிரிட்ஜுக்கும் குயின்ஸ்டவுனுக்கும் நடுவே சுமார் 85 கிலோமீட்டருக்கு எதுவுமே இல்லை. பங்கில் ஆள் வந்து ஊற்ற மாட்டார், நீங்களே நிரப்பிவிட்டு உள்ளே போய்ப் பணம் கட்ட வேண்டும். டீசலா பெட்ரோலா என்று மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

இருட்டு விஷயத்துக்கு வருவோம். அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை வாலபி, பேடிமெலன், போசம், வொம்பாட் எல்லாம் சாலைக்கு வரும். செத்ததைத் தின்ன டாஸ்மேனியன் டெவிலும் வரும், அதுவும் அடிபடும். முகத்தில் வரும் தொற்றுப் புற்றுநோயால் 1996 முதல் அந்த இனமே நலிந்துகொண்டிருக்கிறது, காரிலும் அடிபட்டால் என்ன மிஞ்சும். வொம்பாட் 20, 30 கிலோ இருக்கும், மோதினால் காரும் அதோடு போச்சு. இருட்டில் போயே தீர வேண்டும் என்றால் 65-க்கு மேல் போகாதீர்கள், விலங்கு குறுக்கே வந்தால் பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள், மரத்திலோ எதிரே வரும் லாரியிலோ போய் முட்டுவது அப்படித்தான் நடக்கிறது. மோதிவிட்டால் பாதுகாப்பாக நிறுத்த இடம் இருந்தால் மட்டும் இறங்கிப் பாருங்கள், தாய் செத்துப் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். குட்டியைப் பையிலிருந்து பிடுங்கி எடுக்காமல் போனொராங் காட்டுயிர் மீட்புச் சேவையைக் கூப்பிடுங்கள், எப்படிச் செய்வது என்று அவர்களே சொல்வார்கள். ஆளுக்கு அடி என்றால் 000 என்ற அவசர எண்.

குளிர்காலத்தில் நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் காலை பத்து மணி வரைகூட இருக்கும். குனானி உச்சிச் சாலையைப் பனி விழுந்தால் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன்பு ஹோபார்ட் மாநகராட்சியின் அறிவிப்பைப் பாருங்கள்.

கடைசி நாளுக்கு. ஹோபார்ட் விமான நிலையம் ஊரிலிருந்து 20 நிமிடம், வழியில் கேம்பிரிட்ஜிலேயே பெட்ரோலை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், சாவியைக் கொடுக்கும் முன் காரை நாலு பக்கமும் படம் எடுங்கள். காலை விமானம் என்றால் முந்தின இரவே ஹோபார்ட்டுக்கு வந்துவிடுங்கள். ஸ்ட்ராஹனிலிருந்தோ கோல்ஸ் பேயிலிருந்தோ மூன்று மணிக்கு எழுந்து ஓட்டிவந்து பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், அந்த நேரத்தில் சாலையில் உங்களுக்கு முன்னால் வாலபிகள்தான் நிற்கும்.